பினாங்கு சென்டும் அம்மை குத்துற பெட்டியும்

பினாங்கிலிருந்து பழனியப்பன் நேத்து பெட்டி நெறைய சென்டு பாட்டிலோட ஊர் வந்து சேர்ந்தாரு. அவரு வந்த கப்பல்ல ஒருத்தருக்கு அம்மை கண்டிருந்துச்சாம்.

"ரெண்டு வாரம் தோப்புக் கொட்டகையில தனியா இருக்கட்டும். யாரும் கிட்ட போகாதீங்க"ன்னு சுகாதார இன்ஸ்பெக்டர் சொல்லிட்டுப் போனாரு.

ஊரே தலையாட்டுச்சு. பக்கத்து வீட்டுக் கந்தசாமி அண்ணன் தோப்பு வழியில முள்ளை வெட்டிப் போட்டு, "காவலுக்கு நானாச்சு, ஒரு ஈ காக்கா அங்கிட்டுப் போகாது"ன்னாரு.

இன்னைக்குக் காலையில இன்ஸ்பெக்டர், அம்மை வராம இருக்கக் கையில ஊசி குத்துற பெட்டியோட வந்து நின்னாரு. அந்தப் பெட்டியைக் கண்டாலே வயக்காட்டுப் பக்கம் ஓடுற சனம், இன்னைக்குத் தைரியமா அவரைச் சுத்தி நின்னுச்சு.

"நாங்கதான் கிட்டயே போகலையே, எங்களுக்கு எதுக்குங்க?"ன்னு கேட்டாரு அண்ணன்.

இன்ஸ்பெக்டர் மெல்ல மூச்சை இழுத்துப் பார்த்தாரு. கூட்டம் மொத்தமும் கல்யாண வீடு மாதிரி மணந்துச்சு. அண்ணன் கூச்சத்துல துண்டை உதறினாரு. வாசம் இன்னும் தூக்கலாச்சு.

"சரிங்க. மணக்குற ஆளுங்க மட்டும் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு வரிசையா வாங்க."

மொத ஆளு அண்ணன்தான். கடைசியில நானும் நின்னேன். நான் போனது நலம் விசாரிக்கத்தான், சென்டைப் பழனியப்பன் அவராத்தான் தடவி விட்டாரு.

உங்க ஊருக்குக் கப்பல்ல ஆளு வந்தா, நீங்க எம்புட்டு தூரம் தள்ளி நிப்பீங்க? கையை மோந்து பார்த்துட்டுச் சொல்லுங்க.