நான் திருத்திச் சொன்ன சாட்சி

இந்தப் பத்திரிகையை வாசிக்கும் சகோதர சகோதரிகளுக்கு என் ஸ்தோத்திரங்கள். எழுதப் பழக்கம் இல்லாதவன் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். பத்தாவது வரைதான் படித்தேன். சபையில் மைக் செட் பார்க்கிறவன். மற்றவர்கள் பேசும்போது சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் என் ஊழியம். நானே பேசுவது எனக்கு வராது.

ஆனாலும் போன வருஷம் ஈஸ்டர் முடிந்த மறு ஞாயிறு நான் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னேன். அது இதே பத்திரிகையில் அச்சிலும் வந்தது. அதில் நான் சொன்னது சரியில்லை. அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு செவிலிமேட்டில். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவை மடிக்கிறேன். வருகிறவர்கள் ஐம்பது புடவை பிரித்துப் பார்த்து ஒன்றை எடுப்பார்கள். மிச்சத்தை நான் பழைய மடிப்பிலேயே மடித்து வைக்க வேண்டும். யாரும் என்னோடு பேச மாட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்பு எனக்கு ஒரு வியாதி இருப்பதாக டாக்டர் சொன்னார். பைபோலார், தமிழில் இருமுனைக் கோளாறு என்பார்கள். சில மாதம் மனம் தலைகால் புரியாமல் பறக்கும். தூக்கம் வராது, வாய் ஓயாது. பிறகு சில மாதம் பாயை விட்டு எழ முடியாது. என் மனைவி செல்விதான் என்னை டாக்டரிடம் கூட்டிப் போனாள். மாத்திரை போட்டேன். நன்றாக இருந்தேன். ஆனால் மாத்திரையால் கை லேசாக நடுங்கியது. அதை டாக்டரிடம் சொல்லாமல் போன வருஷம் நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். பாஸ்டரோ சபையில் வேறு யாருமோ நிறுத்தச் சொல்லவில்லை. இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. நடுக்கமும் போய்விட்டது. அப்போதுதான் சாட்சி சொன்னேன். "மாத்திரையைத் தூக்கிப் போட்டேன். கர்த்தர் என்னைப் பூரண சுகமாக்கினார்" என்றேன். சபையே எழுந்து கை தட்டியது. என் வாழ்க்கையில் எனக்காக யாரும் கை தட்டியது அன்றைக்குத்தான்.

அன்றே வியாதி திரும்ப ஆரம்பித்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறி முன் படியிலிருந்து பின் படிவரை பிரசங்கம் செய்தேன். கடையில் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மாவிடம், "எல்லாமே உங்களுக்குத்தாம்மா, எடுத்துக்கினு போங்க" என்று ஏழு புடவையை மடியில் வைத்தேன். முதலாளி நல்லவர். "வீட்டுக்குப் போப்பா, உடம்பு சரியானதும் வா" என்று மட்டும் சொன்னார்.

செல்வி என் காலைப் பிடித்துக் கேட்டாள், மறுபடியும் மாத்திரை போடச் சொல்லி. "உனக்கு விசுவாசம் இல்ல. நீதான் என் சத்துரு" என்று கத்தினேன். அவள் கூரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆடி மாதம் நான் விழுந்தேன். பாயில் படுத்தவன் படுத்தபடி. குளிக்கவில்லை, சமைக்கவில்லை. டாக்டரிடம் போக வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. எப்படிப் போவேன்? போனால் நான் சொன்ன சாட்சி பொய்யாகிவிடும். கர்த்தரை எல்லாரும் கேலி செய்வார்கள் என்று நினைத்தேன். அவருடைய பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

சபையிலிருந்து யாரும் வரவில்லை. அவர்கள் மேல் குறை இல்லை. அந்தச் சாட்சிக்குப் பிறகு எனக்குப் பெரிய ஜெபவீரன் என்று பெயர். நான் ஆராதனைக்கு வராததைப் பார்த்துவிட்டு, "மைக் அண்ணன் உபவாசத்துல இருக்காரு, தொந்தரவு பண்ணக் கூடாது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம். தெருவில் பஸ் போகும் சத்தம் கேட்கும். யாரோ இறங்கி யாரோ வீட்டுக்குப் போவார்கள். என் கதவுப் பக்கம் வரும் செருப்புச் சத்தம் பக்கத்து வீட்டோடு நின்றுவிடும். சாகலாம் என்றுகூட நினைத்தேன். அதைப்பற்றி அதிகம் எழுதவில்லை. அந்த நினைப்பு இப்போது உங்களில் யாருக்காவது இருந்தால், இதைக் கீழே வைத்துவிட்டு முதலில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரு நாள் மத்தியானம் படுத்தபடியே ஜெபித்தேன். முழங்கால் போடக்கூடத் தெம்பு இல்லை. "ஆண்டவரே, சுகம் கேட்க எனக்கு வாய் இல்லை. ஒரு ஆளை அனுப்பும். கதவைத் தட்டினால் போதும்." இவ்வளவுதான் ஜெபம்.

மூன்றாம் நாள் காலை கதவைத் தட்டினார்கள். எங்கள் சபையின் லில்லி. அவள் கணவன் தாஸ் பெயின்டர்.

"அண்ணா! உள்ளதான இருக்கிறீங்க? ஜன்னல்ல பாத்தேன், காலு தெரியுது. தொறங்க."

திறந்தேன். என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள்.

"இன்னாண்ணா இது, உபவாசம்னாங்க, பாதி ஆளா நிக்கிறீங்க? சரி, கேளுங்க. அவரு ஏணியில இருந்து விழுந்துட்டாருண்ணா. வலிப்பு வந்து, பெயின்ட் டப்பாவோட விழுந்தாரு. மண்டையில ஒன்பது தையல். வலிப்பு மாத்திரையை ரெண்டு மாசமா போடலியாம். கேட்டா, 'மைக் அண்ணன் விட்டுட்டு நல்லா இல்லியா, எனக்கு மட்டும் விசுவாசம் இல்லியா'ன்னு என்னையே கேக்கறாரு. நீங்க வந்து கை வெச்சு ஜெபம் பண்ணுங்க. உங்க விசுவாசம் அவருக்கும் வரட்டும்."

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குச் சுகம் ஆகலைம்மா" என்றேன்.

"இன்னாது?"

"மாத்திரையை நிறுத்தினேன். வியாதி திரும்ப வந்துடுச்சு. இப்பவும் இருக்குது."

"அப்போ எதுக்கு மைக்ல சொன்னீங்க? யாரு கேட்டாங்க உங்களை? என் புருஷன் மண்டை உடைஞ்ச பிறகு சாவகாசமா சொல்லிக்கினு நிக்கிறீங்களே!"

வாசலில் நின்று அக்கம்பக்கம் கேட்கத் திட்டினாள். நான் தலை குனிந்து நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு மனுஷக் குரல் என்னைப் பார்த்துப் பேசியது. அது திட்டாக இருந்தாலும் எனக்கு வேண்டியிருந்தது. திட்டி முடித்து அவள் அழுதாள். பிறகு என் சமையலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, கஞ்சி வைத்தாள்.

"குடிங்க. நாளைக்கு அவரை பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். நீங்களும் வர்றீங்க. எங்கிட்ட சொன்னதை அவருகிட்ட சொல்றீங்க. உங்க மாத்திரையை வாங்கி அவரு எதிர்லயே போடறீங்க."

மறுநாள் ஒரே ஆட்டோவில் மூன்று பேரும் போனோம். தலைக்கட்டோடு இருந்த தாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னையும் லில்லியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ ரெண்டு பேரும் ஒரே கேஸுதானாண்ணா?" என்றார் கடைசியில்.

"இல்லப்பா. உனக்கு வலிப்பு, எனக்கு மனசு."

"எல்லாம் மண்டைதாண்ணா" என்றார். லில்லி சிரிக்கக் கூடாது என்று வெளியே பார்த்துக்கொண்டாள்.

மனநல டாக்டர் மாத்திரை எழுதினார். கை நடுக்கத்தைச் சொன்னேன். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அளவை மாத்தியிருக்கலாமே" என்றார். அவ்வளவு சின்ன விஷயம். பிறகு வெள்ளிக்கிழமை தோறும் பேசுவதற்கு ஒரு ஆலோசகர் அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா நெற்றியில் விபூதி வைத்திருந்தார். என் ஜெபத்தைப்பற்றி இவரிடம் எப்படிப் பேசுவது என்று இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. அவர் அவசரப்படவில்லை. மூன்றாம் வாரம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஜெபம் பண்ணாலும் சந்தோஷம் வருது, வியாதியிலயும் சந்தோஷம் வருதுன்றீங்க. எது எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யோசித்தேன். அடுத்த வெள்ளி சொன்னேன்: "ஜெபத்துல வர்ற சந்தோஷத்துல எனக்குப் பசிக்கும், தூக்கம் வரும், அடுத்தவங்க பேசறது காதுல விழும். வியாதியில வர்றதுல இது மூணும் கிடையாதும்மா."

"இதை எழுதி வெச்சுக்கோங்க. எனக்கே இது புதுசு" என்றார். ஒரு நோட்டில் தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று எழுதுகிறேன். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் குறைந்தால் அவரிடம் சொல்ல வேண்டும்.

ஆறு மாதம் கழித்து பாஸ்டரிடம் போய், என் சாட்சியைத் திருத்த வேண்டும் என்றேன்.

"அதை ஏன்ப்பா கிளறணும்? கேக்கறவங்க சோர்ந்து போயிடுவாங்க."

"ஐயா, தாஸ் தலையில ஒன்பது தையல்."

அவர் டைரியை எடுத்துப் பிரித்தார். "ஞாயிற்றுக்கிழமை சொல்லு" என்றார்.

சொன்னேன். நான் மேடையில் நின்றதால் மைக் செட்டைப் பார்க்க ஆள் இல்லை. நடுவில் கீச்சென்று கத்தியது. வியாதியின் பெயரையும் சொன்னேன், மாத்திரை போடுகிறேன் என்றும் சொன்னேன், முன்பு சொன்னது தவறு என்றும் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. பெண்கள் பக்கமிருந்து லில்லி மட்டும் "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொன்னாள். ஆராதனை முடிந்து பலர் என்னிடம் வராமல் விலகிச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பல வருஷமாக முன் வரிசையில் உட்காரும் ஒரு சகோதரர், எல்லாரும் போகும்வரை நின்று, என் அருகில் வந்து குனிந்து ஒயரின் மறுமுனையை எடுத்துக் கொடுத்தார்.

"அந்த ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை போகணும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

சொன்னேன்.

செல்வி இன்னும் திரும்பி வரவில்லை. நான் திரும்ப மாத்திரை போடுவது தெரிந்த பிறகு வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். முன்பெல்லாம் "மாத்திரை போட்டியா" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவாள். இப்போது "சாப்டியா" என்றும் கேட்கிறாள். வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். தாஸும் வேலைக்குப் போகிறார், மாத்திரை போடுகிறார். ஏணி மட்டும் ஏறுவதில்லை.

நான் ஒரு ஆளைக் கேட்டேன். கர்த்தர் லில்லியை அனுப்பினார், டாக்டரை அனுப்பினார், அந்த அம்மாவை அனுப்பினார். மாத்திரையும் அவர் கொடுத்த பதில்தான் என்று விசுவாசிக்கிறேன். என்னைப்போல் கதவுக்குள் கிடக்கிறவர்களே, அவரைக் கேளுங்கள். கேட்ட பிறகு கதவைத் தட்டினால் எழுந்து திறங்கள். வருகிற ஆள் திட்டிக்கொண்டு வந்தாலும் திறங்கள்.

சாட்சியைத் திருத்திச் சொன்ன மறுநாள் திங்கட்கிழமை. ரத்தத்தில் மாத்திரையின் அளவு எவ்வளவு என்று பார்க்க ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தேன். பிறகு கடைக்குப் போனேன். முகூர்த்தக் கூட்டம். சாயங்காலம் வரை புடவை மடித்தேன்.