தங்கையைக் கூட்டிவரப் போன நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், தாராபுரத்துக்குப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது.

அதற்கு மூன்று வருஷம் முன்னால் என் அத்தை மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். ஆளைப் பார்த்தால் கண்ணெடுக்க முடியாது. எங்கள் ஊர் காரமடையில் தேர் பார்க்க வந்தவர், என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னார்: "அம்மணி, போன வருசம் எனக்கு மனசு கெட்டு, ஆறு மாசம் யாரு கூடயும் பேசாம கெடந்தேன். மறுக்கா வந்தாலும் வரும். யோசிச்சுச் சொல்லு."

யோசிக்கவில்லை. வீட்டுக்கு ஓடி எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கல்யாணப் பேச்சு நின்றது. பிறகு என் சித்தப்பா மகளைப் பெண் கேட்டபோது, அவளிடமும் அவர் அதையே சொல்லியிருக்கிறார். அவள் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

எனக்குக் கோயமுத்தூர் பஞ்சு வியாபாரியோடு கல்யாணமானது. குறை ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் இருவரும் வண்டி கட்டிக்கொண்டு சிரித்தபடி சந்தைக்குப் போவதாக யாராவது சொன்னால் போதும், எனக்கு வயிறு எரியும். நான் வேண்டாமென்றது அவளுக்கு எப்படி இத்தனை இனிக்கிறது?

அவருக்கு மறுபடி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். "அவளக் கையோட கூட்டிட்டு வந்துரு கண்ணு, அங்க இருந்தது போதும்" என்று சித்தப்பா என்னை அனுப்பினார். அவளுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று பஸ்ஸிலேயே பேசிப் பார்த்துக்கொண்டேன்.

போனால் அவர்கள் தோட்டத்து வீட்டில் யாருமில்லை. மாட்டுக் கொட்டகையில் தாடி மண்டிப்போய், சுவரைப் பார்த்து அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வைக்கோல் மேல் அவள் கம்பஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு வைத்த வட்டிலில் சோறு தொடாமல் இருந்தது.

"ஏம் புள்ள, மனுசங்க இருக்கற எடமா இது? துணியெடுத்து வையி, போலாம்" என்றேன்.

"மாமனால இப்ப ஊட்டுக்குள்ள வர முடியலீங்கக்கா. அதான் நான் இங்க வந்துட்டேன்" என்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "நீங்களும் ரண்டு வாய் சாப்புடுங்க."

அவர் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. கை மட்டும் மெதுவாக நகர்ந்து, அவள் முந்தானையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துக் கீழே போட்டது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

தனியாகத்தான் திரும்பினேன். இரண்டு மாதத்தில் அவர் எழுந்து தோட்டத்துக்குப் போனார். பிறகும் சில தடவை வந்தது, போனது. அவள் அங்கேயே இருந்தாள்.

இன்றைக்கும் எனக்கு அவள் மேல் பொறாமைதான். முன்பு அவள் புருஷனை நினைத்துப் பொறாமைப்பட்டேன். இப்போது, அந்த வைக்கோலில் போய் உட்கார அவளுக்கு இருந்த மனசு எனக்கு இல்லாமல் போனதே என்று பொறாமைப்படுகிறேன்.