மூன்றாவது ஆரஞ்சுத் தாள்

எங்கள் ஊர்க் கல்லூரி மாணவர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. நகராட்சியில் வாடகை வீடுகளைச் சோதனை போடுகிற வேலை எனக்கு. இருபத்திரண்டு வருஷமாக ஆரஞ்சு நிறத் தாளும் கையுமாக லிண்டன் தெருவில் ஏறி இறங்குகிறேன். அக்கம்பக்கத்தில் யாராவது புகார் கொடுத்தால் போய்ப் பார்ப்பேன். உண்மை என்றால் கதவில் தாளை ஒட்டிவிட்டு வந்துவிடுவேன். ஒரு படிப்பு வருஷத்தில் மூன்று தாள் விழுந்தால் அந்த வீட்டின் வாடகை உரிமம் போச்சு. முப்பது நாளில் உள்ளே இருப்பவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கெல்சி ஹால்வர்சன் குடியிருந்த 418-ஆம் எண் வீட்டுக்கு அக்டோபர் முடிவதற்குள் இரண்டு தாள் விழுந்துவிட்டது. முதல் தாள், முன் வராந்தாவில் சோபாவைப் போட்டு வைத்ததற்கு. மழையில் ஊறி நாறிக் கிடந்தது அந்தச் சனியன். இரண்டாவது, குப்பை வண்டி வந்துபோய் நாலு நாளாகியும் தொட்டிகளைத் தெரு ஓரத்திலேயே விட்டிருந்ததற்கு. இரண்டு புகாரும் பக்கத்து வீட்டு டுவெய்ன் பிரெக்கி கொடுத்தவை. வெண்ணெய் ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனி ஆள். புல்லைக்கூட ஸ்கேல் வைத்து அளந்து வெட்டுவார்.

அந்த வீட்டில் நாலு பேர். மற்ற மூவருக்கும் தாள் என்றால் வேடிக்கை. முதல் தாளோடு நின்று படம் வேறு எடுத்துக்கொண்டார்கள். கெல்சி அப்படி இல்லை. அவள் நர்சிங் கடைசி வருஷம். அப்பா எழுபது மைல் தள்ளி வான்கோழி வளர்க்கிறார். நடு வருஷத்தில் எங்கள் ஊரில் வேறு வீடு கிடைக்காது. வீடு போனால் படிப்பும் போச்சு என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது தாள் விழுந்த மறுநாள் அவள் ஒரு காரியம் செய்தாள். தன் பெயரையும் நம்பரையும் சீட்டுகளில் எழுதிக்கொண்டு, தெருவில் ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டினாள். கடைசியாக டுவெய்ன் வீடு. கையில் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டைப் போட்டுச் சுட்ட இனிப்புத் துண்டுகள் ஒரு தட்டு, அடியில் அவள் பெயர் எழுதிய ஒட்டுத்தாள்.

"என்னம்மா இது, லஞ்சமா?" என்றாராம் டுவெய்ன்.

"ஆமாங்க, லஞ்சம்தான். எங்க மேல எது தப்புன்னாலும் முதல்ல எனக்கு ஒரு போன் போடுங்க, மிஸ்டர் பிரெக்கி. நாங்க சரி பண்ணலைன்னா அப்புறம் நகராட்சிக்குப் போடுங்க."

"காலையில ஆறு மணிக்குப் போட்டா எடுப்பியா? உங்க கூட்டம் மத்தியானம்ல எழுந்திருக்கும்?"

"போட்டுத்தான் பாருங்களேன்."

இதைக் கேள்விப்பட்டு நான் சிரித்தேன். சீட்டு எழுதிக் கொடுத்துத் திருந்தின மாணவனை நான் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸுக்குள் மூன்றாவது தாள் விழும் என்று அலுவலகத்தில் ஒரு பெட்டி டோனட் பந்தயம் கட்டினேன்.

நவம்பரில் முதல் பனி விழுந்தது. பனி பெய்த நாளில் காலை ஒன்பதுக்குள் வாசல் நடைபாதையில் கான்கிரீட் தெரிய வேண்டும், வாடகை வீடு, சொந்த வீடு எல்லாவற்றுக்கும் அது எங்கள் ஊர்ச் சட்டம். சரியாக ஆறு மணிக்குக் கெல்சிக்கு போன் வந்தது.

"நாலு அங்குலம்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

கெல்சி எழுந்து மற்ற மூன்று பேரின் போர்வையையும் உருவினாள். ஏழரைக்கெல்லாம் நடைபாதை சுத்தம். அன்றிலிருந்து பனி பெய்த ஒவ்வொரு காலையும் இதே கதை. "ஏழு. அடியில ஐஸ், பாத்து." "ரெண்டுதான். துடைப்பம் போதும்." போகப் போகப் பேச்சு நீண்டது.

"ஆறரை."

"பொய் சொல்லாதீங்க. நானும் அளந்தேன், அஞ்சுதான்."

"உன் ஸ்கேல் கோணல், பொண்ணே. போய் வேலையைப் பாரு."

புதன்கிழமை குப்பை வண்டி போனதும் அவர் தொட்டியையும் சேர்த்து அவளே உள்ளே இழுத்து வைத்தாள். ருபார்ப் தட்டு கழுவித் திரும்பி வந்தது, மேலே ஒரு பாட்டில் வெள்ளரி ஊறுகாயோடு. எனக்கு டோனட் போச்சு. உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்தான், இல்லை என்று சொல்லவில்லை.

மார்ச் விடுமுறை வந்தது. மற்ற மூன்று பேரும் கடற்கரைக்குப் பறந்துவிட்டார்கள். கெல்சி ஞாயிறு சாயங்காலமே நாற்பது மைல் தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கிளம்பினாள். போகும்போது டுவெய்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். பனி செவ்வாய்க்கிழமை என்றது வானிலை அறிக்கை. திங்கள் விடிவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது.

காலை ஒன்பதே காலுக்கு என் போன் அடித்தது.

"மிஸ்டர் டோலஃப்சன், 418 கெல்சி பேசறேன். ஒரு புகார் குடுக்கணும்."

"யார் மேல?"

"டுவெய்ன் பிரெக்கி மேல. அவர் வாசல்ல பனி அள்ளலை."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெக்கமா இல்ல உனக்கு? குளிர்காலம் பூரா உன்னை எழுப்பிவிட்ட மனுஷன். நீ கண்ணால பாத்தியா?"

"இல்ல. நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்."

"பாக்காமலே புகாரா?"

"இன்னிக்கு ஆறு மணிக்கு போன் வரலை. அங்குலம் சொல்லலை. ஏழு தடவை கூப்பிட்டேன், எடுக்கலை. போலீஸ்ல கேட்டா, ரோடெல்லாம் கார் மோதிக் கிடக்காம், மத்தியானம்தான் ஆள் வருமாம். ஆனா புகார்னு ஒண்ணு வந்தா நீங்க போயே ஆகணும்ல?"

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: "அந்தத் தெருவுல கால் வெச்சா கண்ணுல படற எல்லாத்தையும் நான் எழுதியாகணும். உன் வாசலை யாரு அள்ளினது?"

"யாரும் இல்ல."

"உனக்கு அது மூணாவது தாள்."

"தெரியும் சார். சீக்கிரம் கிளம்புங்க."

வண்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் மனசுக்குள் அந்தத் தாளை ஒட்டிக்கொண்டேதான் போனேன். விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

லிண்டன் தெருவில் இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டேன். 418-இன் நடைபாதை முழுக்கக் கான்கிரீட் தெரிந்தது. ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக, மேலே வழுக்காமலிருக்க உப்பும் தூவியிருந்தது. டுவெய்ன் வீட்டு எல்லையில் அது சட்டென்று முடிந்தது. அதற்கு அப்பால் முழங்கால் அளவு பனி, யாரும் தொடவில்லை. அந்தப் பனியில் ஒரே ஒரு ஆளின் காலடித்தடம் அவர் கார் கொட்டகையிலிருந்து வெளியே வந்து திரும்ப உள்ளே போயிருந்தது.

கொட்டகைக்குள் ஈரத் தரையில் விழுந்து கிடந்தார். பக்கத்தில் பனி அள்ளும் மண்வாரி, கவிழ்ந்த உப்பு வாளி. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அசைய முடியவில்லை, பல் கிடுகிடுத்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு என் கோட்டைக் கழற்றி மேலே போர்த்தினேன்.

"வெர்ன், நீ எங்கடா இங்க?" என்றார் என்னைப் பார்த்து.

"உன் மேல புகார். வாசல் அள்ளலையாம்."

"எவன் குடுத்தது?"

"கெல்சி."

கண்ணை மூடிக்கொண்டார். அந்த வலியிலும் சிரித்தார். "நாப்பது மைல் தள்ளி இருந்துக்கிட்டா?"

"ஆறு மணிக்கு நீ போன் பண்ணலையாம். ஏன் பண்ணலை?"

"பண்ணினா வண்டியை எடுத்துக்கிட்டு இந்தப் பனியில ஓடி வருவா. போனை வேணும்னேதான் சமையலறையில வெச்சுட்டு வந்தேன்."

"சரி, உன்னோடதை முதல்ல அள்ளியிருக்கலாம்ல?"

"என்னோடது சொந்த வீடு, எனக்கு ஒரு தாள் விழுந்தா என்ன? ரெண்டு திட்டு திட்டிட்டுக் கிழிச்சுப் போடுவேன். அவளுக்கு மூணாவதுடா."

கோட்டை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து ஒரு விஷயம் சொன்னார். தலையாட்டினேன். வண்டி போனதும், புகார் புகார்தானே, டுவெய்ன் கதவில் ஆரஞ்சுத் தாளை ஒட்டினேன். பிறகு அவர் மண்வாரியை எடுத்து அவர் வாசலை நானே அள்ள ஆரம்பித்தேன். பாதியில்தான் நினைவு வந்து கெல்சியைக் கூப்பிட்டேன். இடுப்பு எலும்பைச் சொன்னேன், உயிருக்குப் பயமில்லை என்று சொன்னேன், அவள் வாசலை யார் அள்ளியது என்று சொன்னேன்.

"அவர் உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரும்மா," என்றேன்.

"என்ன?"

"பதினாலு அங்குலம்."

ஓவென்று அழுதாள்.