ஃபிட்டர் வந்தால் பம்பு வேண்டாம்

சென்ற ஆண்டு ஆடி மாதம் நடந்தது இது. திண்டிவனத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு பம்பு கம்பெனியில் ஏற்றுமதி வேலையை நான் பார்க்கிறேன். பம்பு என்றால் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பம்பு இல்லை. இரும்பையே அரித்துவிடும் அமிலத்தை ஒரு சொட்டுக்கூடக் கசியவிடாமல் தள்ளுகிற பம்பு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பெருமுக்கல் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளில் கூலி வேலை செய்யும் அப்பா, பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் "எம்பொண்ணு வெளிநாட்டுக்குக் கப்பல் அனுப்புது" என்று சொல்லிவிடுவார். நானும் திருத்துவதில்லை. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது!

எங்கள் பம்பை நினைத்த இடத்துக்கெல்லாம் அனுப்ப முடியாது. உர ஆலையில் ஓடுகிற அதே பம்பு, விஷவாயு தயாரிக்கிற இடத்திலும் ஓடும். அதனால் டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும். கடைசியில் அதைப் பயன்படுத்தப் போவது யார், எதற்காக என்று அவர்களே உறுதிக் கடிதம் தர வேண்டும். சில நாடுகளுக்கும் சில ஆட்களுக்கும் அனுப்பவே கூடாது. தவறிப்போய் அனுப்பினால் கம்பெனியை மூட வேண்டியதுதான். முதலாளி கோர்ட்டுக்கு அலைய வேண்டும். விழுப்புரத்தில் பி.காம். முடித்த பிறகு இதையெல்லாம் நானாகத் தேடிப் படித்தேன்.

அந்த ஆடியில், வளைகுடா நாட்டு வியாபாரக் கம்பெனி ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. அங்கேயே உள்ள ஓர் உர ஆலைக்கு வாங்குவதாகச் சொன்னார்கள். ஆலையின் உறுதிக் கடிதமும் முத்திரையோடு வந்துவிட்டது. வேலை இல்லாமல் நிறுத்தி வைத்திருந்த இரண்டாவது ஷிப்டை மறுபடி தொடங்கலாம் என்றார் முதலாளி. எங்கள் தெருப் பெண்கள் சிலரைக்கூட பேக்கிங் வேலைக்கு வரச் சொல்லியாகிவிட்டது.

"பேப்பரெல்லாம் சரியா இருக்குதாம்மா?" என்று முதலாளி கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்கு சார்" என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புதிய இடத்துக்கு முதல் பம்பு போனால் கூடவே எங்கள் ஃபிட்டரும் போவார். தன் கையால் பொருத்தி, ஓட்டிக் காட்டி, கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் திரும்புவார். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. அவர் மரக்காணம் பக்கத்து மீனவக் குடும்பத்துக்காரர். அதுவரை குஜராத் வரைக்கும் ரயிலில் போயிருக்கிறார். இப்போது பாஸ்போர்ட் எடுத்துவிட்டு, "கடல்லயே கெடந்த கும்பல்ல நான்தான் மொத மொதல்ல மேல பறக்கப் போறேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய விசாவுக்காக, ஆலை எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு மூன்று முறை மெயில் அனுப்பினேன். ஆள் தேவையில்லை என்று மட்டும் பதில் வந்தது. அதனால் போன் செய்தேன்.

அந்தக் கம்பெனியில் எங்களோடு தொடர்பில் இருந்தவர் எப்போதும் இங்கிலீஷில்தான் பேசுவார். அன்றைக்கு நடுவில் யாரோ அவரைக் கூப்பிட, "இருப்பா, பேசிக்கினு கீறேன்ல" என்று அந்தப் பக்கம் திரும்பி அதட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, நீங்க நம்ம விழுப்புரம் பக்கமா?"

"அட! நீ எந்த ஊரும்மா?" என்று அவரும் சிரித்தார். திருவக்கரைக் கோயிலில் பௌர்ணமிக்கு இன்னும் அவ்வளவு கூட்டம் வருகிறதா என்று விசாரித்தார். வருகிறது என்றேன். அந்த உரிமையில் ஆலையின் முகவரியைக் கேட்டேன்.

"ஆளெல்லாம் எதுக்கும்மா?"

"எங்க வழக்கம்ணே. அவரு போய் மாட்டினாத்தான் எங்களுக்குத் திருப்தி."

"அந்த ஆளுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க கீறாங்களா?"

"இருக்காங்கண்ணே."

"அப்ப அனுப்பாத." குரலை இறக்கிக்கொண்டு வேகமாகப் பேசினார். "பம்பு இங்க எறங்கினதும் வேற பொட்டி, வேற ஸ்டிக்கரு. வேற நாட்டுக்குப் போவுது. அதுக்கு மேல எனக்கும் தெரியாது. நான் சொன்னேன்னு மட்டும் வாயத் தொறந்துடாதம்மா, என் பொழப்பே போயிடும்." அடுத்த நொடியே யாருக்கோ கேட்க வேண்டும் என்பதுபோல "ஓக்கே மேடம், தேங்க்யூ மேடம்" என்று உரக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

ஃபைலை மறுபடி திறந்து பார்த்தேன். எங்களிடம் எல்லா ஆவணமும் ஒழுங்காக இருந்தது. நான் பேசாமல் இருந்தால் அனுமதியும் வந்துவிடும், ஷிப்டும் தொடங்கிவிடும். நாளைக்கு ஏதாவது ஆனாலும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. வாயைத் திறந்தாலோ, முன்பின் தெரியாத எனக்கு நல்லது செய்த ஒருவரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளியின் அறைக்குப் போனேன்.

"சார், ஃபிட்டர் போகாம நாம எங்கயும் மொத பம்பு குடுத்ததில்ல. இவங்களுக்கு மட்டும் ஏன் சார் மாத்தணும்?"

"வேணாம்னு அவங்களே சொல்றாங்க. நமக்கு டிக்கெட் காசு மிச்சம். விடும்மா."

"எங்க மாட்டப் போறாங்கன்னே சொல்ல மாட்டேன்றாங்க சார்."

"நாம என்ன துப்பாக்கியா விக்கிறோம்? பம்பும்மா, பம்பு!"

முதலாளி செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் மேசையில் வடிகட்டிய தண்ணீர்ச் செம்பு எப்போதும் வெள்ளைத் துணியால் மூடியிருக்கும். என் கண் அதில் பட்டது.

"குடிக்கிற தண்ணியில ஒரு பூச்சி செத்துடக் கூடாதுன்னு வடிகட்டுறீங்க. இது எங்க போவுதுன்னு பார்க்க வேணாமா சார்?"

சொல்லி முடித்த பிறகுதான் அதிகம் பேசிவிட்டோமோ என்ற பயம் வந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. செம்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, "சரி, எழுது" என்றார். எங்கள் ஆள் ஆலைக்கே வந்து பொருத்துவார், அதற்குச் சம்மதித்தால்தான் அனுமதிக்கு விண்ணப்பிப்போம் என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாளே பதில் வந்தது. ஆர்டரை ரத்து செய்கிறோம் என்று ஒரே வரி.

முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். "ஃபிட்டர் வேணாம், பம்பு வேணும்னாங்க, சரி. இப்ப ஃபிட்டர் வந்தா பம்பே வேணாமாம்!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நடந்ததை அனுமதி தரும் டெல்லி அலுவலகத்துக்கும் எழுதச் சொன்னார். போனில் கேட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும், எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்கவில்லை.

இரண்டாவது ஷிப்ட் தொடங்கவில்லை. வேலைக்கு வருவதாக இருந்த பெண்களில் ஒருவர், படித்த திமிரில் நான்தான் கெடுத்துவிட்டேன் என்று தெருக்குழாயில் என் காதுபடவே பேசினார். ஃபிட்டர் மட்டும், "ஏம்மா, என் ஏரோப்ளேனை நீதான் ரோட்டுலயே மடக்கிட்டியாமே?" என்று கிண்டல் செய்வார். நானும் சிரித்து வைப்பேன். உண்மையைச் சொன்னால் வார்த்தை எங்கே போய்ச் சேருமோ என்ற பயம்.

தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்வதுபோல அந்த அண்ணனின் எண்ணுக்கு ஒரு தடவை போன் செய்தேன். உபயோகத்தில் இல்லை என்றது. அவர் வேலை மாறினாரா, கம்பெனியே மாறிவிட்டதா, என்னால் அவருக்கு ஏதாவது ஆனதா, எதுவும் தெரியாது. அனுப்பியிருந்தால் அந்தப் பம்பு எங்கே போயிருக்கும் என்பதும் தெரியப்போவதில்லை. நடக்காமல் போன ஒன்றை யாரிடமும் காட்டி, பார் என்று சொல்ல முடியாதே.

அவருடைய ஊர்ப் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் விழுப்புரம் பஸ்ஸில் எந்த அம்மாவாவது "எம்புள்ள துபாய்ல கீறான்" என்று பேச்செடுத்தால், எழுந்து அவருக்கு என் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வருகிறேன்.