பிறந்தநாள் பிரியாணி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தேவாலயத்தின் மண்டபம். தமிழ் ஆராதனை முடிந்து எல்லாரும் கையில் மீஹூன் நூடுல்ஸ் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் ஆறுவதற்குள் நான் பேசி முடித்தாக வேண்டும். கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். கிள்ளானில் எங்கள் வீட்டில் ஒரு பெண் பிள்ளை வளர்கிறாள். நாங்கள் பெற்றவள் இல்லை. பெற்றவர்களால் இப்போதைக்கு வளர்க்க முடியாததால் வெல்ஃபேர் அதிகாரிகள் எங்களிடம் ஒப்படைத்தவள். அவளுடைய தங்கை ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறாள். என் மாமியார் படுத்த படுக்கை, இன்னொரு சிறுசை எங்களால் பார்க்க முடியாது. கிள்ளான் பக்கத்தில் யாராவது சின்னவளை எடுத்து வளர்த்தால் அக்காவும் தங்கையும் தினமும் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்விகள் வந்தன. பிள்ளை என்ன நிறம், அப்பன் குடிகாரனா, ஆசையாக வளர்த்த பிறகு வந்து பிடுங்கிக்கொண்டு போவார்களா. முன்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். கிள்ளானில் கேட்டரிங் நடத்துபவர்.

"சிஸ்டர், அடுத்த மாசம் என் பர்த்டே. அந்த ஹோமுக்கு பிரியாணி, கேக் எல்லாம் நானே கொண்டு வரேன் லா."

மண்டபமே கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் ஆட்களுக்குப் பிறந்தநாள் வந்தால்தான் இல்லத்துப் பிள்ளைகளின் ஞாபகம் வரும். கேக் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனால் அடுத்த பிறந்தநாளுக்குத்தான் மறுபடி வருவார்கள். ஆனாலும் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன். பிரியாணியை வேண்டாம் என்று சொல்ல நான் யார், பிள்ளைகள் சாப்பிடட்டும்.

அவருடைய பிறந்தநாளன்று இல்லத்துக்குப் பெரியவளையும் கூட்டிப் போனேன். இல்லத்துப் பிள்ளைகள் கையைக் கட்டி வரிசையாக நின்று, அந்த அம்மாளுக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். அக்காவும் தங்கையும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது சின்னவள் அழவில்லை. அக்காவின் கையை விட்டுவிட்டுத் தானாகவே போய் வரிசையில் நின்று டாட்டா காட்டினாள்.

"ஏன் இது அழமாட்டேங்குது?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"பழகிப்போச்சு அக்கா," என்றேன். வேண்டுமென்றே கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.

சட்டிகளை வேனில் ஏற்றிய பிறகும் அவர் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் போன் வந்தது.

"யாரப் போய்ப் பாக்கணும், சொல்லுங்க சிஸ்டர். வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு."

விசாரணை, வீட்டை வந்து பார்ப்பது என்று மாதங்கள் ஓடின. கடைசியில் சின்னவள் எங்கள் தாமானுக்கு அடுத்த குடியிருப்பில், அந்த அம்மாள் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். சாயங்காலமானால் அக்காவும் தங்கையும் ஒரே சைக்கிளுக்குச் சண்டை போடுவார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

சின்னவளுக்குப் பிறந்தநாள் வந்தது. அந்த வீட்டில் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். வெளியாட்கள் யாரும் இல்லை, இரண்டு குடும்பங்கள் மட்டும்தான். மெழுகுவத்தியை ஏற்றியதும் சின்னவள் சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள், பிறந்தநாள் பாட்டை ஒரு வரி விடாமல் உரக்கப் பாடினாள், நடுவில் பெயர் வரும் இடத்தில் 'ஆன்டி' என்று சேர்த்து. பிறகு, ஆன்டி கேக் வெட்டட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள்.

அந்த அம்மாள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். பெரியவள்தான் போய்த் தங்கையின் கையைப் பிடித்து மேசைக்கு இழுத்து வந்தாள்.

"வாடி. இது உனக்கு."