மருமகளிடம் சொல்லாமல் விட்ட மீன்

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்தது ஐந்து. பெற்றது நான்கு, நாத்தனார் என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியதில் ஒன்று. ஐந்தையும் மீனும் சோறும் போட்டுத்தான் ஆளாக்கினேன். மீனைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற நினைப்பில் இருந்தேன்… போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

மகன் முருகன் கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி நாகர்கோவிலுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. மருமகள் சுதாவும் பேத்தி அனுவும் இப்போது என்னோடுதான். அடுக்களை ஒன்று, பொம்பளை இரண்டு. நான் வேறு சொல்ல வேண்டுமா?

ஞாயிறன்று குழித்துறையில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுக் காரில் திரும்பினோம். “ஆனி மாசம், டூரிஸ்ட் கூட்டம் இருக்காது, கடற்கரை ரோட்டுல போவோம்மா” என்றான் முருகன். ஒரு பக்கம் சாரல், ஒரு பக்கம் கடல். எல்லோருக்கும் சந்தோஷம். மணவாளக்குறிச்சி தாண்டும்போது பேச்சு மீனுக்கு வந்தது.

“எங்கூர்லயும் சூப்பர் மார்க்கெட்ல நல்ல மீன் கிடைக்குதுங்கத்தை. ஐஸ்ல வெச்சு ஃப்ரெஷ்ஷா இருக்கும்” என்றாள் சுதா.

ஐஸ் மீன்! என் முன்னால்!

“அது மீனில்ல மக்களே, மீனுக்க பொணம்” என்றேன். “லேய் முருகா, கடியப்பட்டணத்துல வண்டிய நிறுத்து. கடல்லேருந்து ஏறுன மீன்னா என்னன்னு உம் பெண்டாட்டிக்கு இன்னைக்குக் காட்டுதேன்.”

நிறுத்தினான். அவர்கள் அலையைப் பார்க்கப் போனார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு மீன் தேடிப் போனேன்.

மணல் முழுக்கச் சின்ன வள்ளங்கள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தன. ஓலைக் கொட்டகைக்குள் நாலைந்து பெண்கள் கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்ல மீனு இருக்கா மக்களே? காலைல ஏறுனது?”

ஒருத்தி சிரித்தாள் பாருங்கள்… மொத்தக் கொட்டகையும் சேர்ந்துகொண்டது.

“அக்கா எந்த ஊரு? வயக்காட்டுப் பக்கமா?” என்றாள் அவர்களில் மூத்தவள். பெயர் லூர்தம்மாள். அறுபது வயதிருக்கும்.

“ஆமா. அதுக்கென்ன?”

“மீனு முட்டையிடுத காலம். மீன்பிடிக்கத் தடை, பெரிய போட்டெல்லாம் ரெண்டு மாசம் கரையில. வள்ளம் எறக்கலாம், ஆனா கடலப் பாத்தியளா, எப்படி அடிச்சுக் கெடக்குன்னு? போதாக்கொறைக்கு இன்னைக்கு ஞாயித்துக்கெழம. கோயிலுக்குப் போவமா, கடலுக்குப் போவமா? நாத்து நட்ட மறுநாளே அரிவாளும் கொண்டு வயலுக்குப் போவியளாக்கா?”

மீன்காரி ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் தெருவுக்கு வர மாட்டாள். ஏன் என்று நாற்பது வருடத்தில் ஒரு நாளாவது கேட்டேனா? மீன் வாசலுக்கு வந்தது, வாங்கினேன். செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியும். கடலைத் தெரியாது.

அதெல்லாம் இப்போது தோன்றுவது. அப்போது என் கவலை வேறு. குரலைத் தாழ்த்தினேன்.

“மருமவ முன்னால வாய விட்டுட்டேன் தங்கச்சி. வெறுங்கையோட போனா நாளையிலேருந்து அடுக்களையில அவ வெச்சதுதான் சட்டம்.”

லூர்தம்மாள் சாயா தம்ளரைக் கீழே வைத்தாள். “எனக்கும் ரெண்டு மருமவ உண்டும்க்கா. வீட்டுல மீங்கறி கெடக்கு. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க.”

முன்பின் தெரியாத நான்கு பேர் நனைந்த காலோடு ஒரு வீட்டுக்குள் ஏறினோம். ஆவி பறக்க அவித்த மரச்சீனிக் கிழங்கு. பக்கத்தில் தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு வைத்த விளமீன் கறி. ஆஹா! எள்ளளவும் குறை இல்லை. அனு முள்ளைச் சப்புகிற சத்தம் வெளியே சாரலுக்கும் மேலே கேட்டது. சுதா மூன்றாம் தடவை கறி வாங்கினாள்.

விடுவேனா நான்? “பாத்தியா சுதா! கடல்காரி வீட்டு மீனு. யாரோ நேத்தே துணிஞ்சு வள்ளம் எறக்கியிருக்கான். ஐஸ் பட்டிருந்தா சதை இப்படி இதழ் இதழா வருமா? நாக்குல வெச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“ஆமாங்கத்தை. இந்த ருசி அங்க இல்லீங்க” என்றாள் சுதா. ஒத்துக்கொண்டுவிட்டாள்! எனக்குக் காது குளிர்ந்தது.

கை கழுவப் பின்பக்கம் போனபோது லூர்தம்மாளிடம் கேட்டேன். “எந்த வள்ளத்துல வந்த மீனு?”

“வள்ளமா?” சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “தூத்துக்குடியிலேருந்து லாரியில வந்ததுக்கா. அங்கோடி, கெழக்குக் கடல்ல, தடை முன்னமே முடிஞ்சுபோச்சு. ரெண்டு நாளு ஐஸுல கெடந்த மீனு. இந்த மாசம் நாங்களும் அதத்தான் திங்கோம்.”

அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

“நான் சொல்லல்ல. நீங்களும் சொல்லாதீங்க” என்றாள்.

தங்கை கொடுத்தனுப்பிய மட்டி வாழைக்குலை காரில் இருந்தது. முழுசாக அவள் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வந்தேன். ஆவணியில் வருகிறேன், அப்போது கடல் மீன் தா என்றேன். “திங்கக்கெழம பாத்து வாங்க” என்றாள்.

நான் சொல்லவில்லை. ஐந்து நாள் சொல்லவில்லை. இதற்குள் சுதா பக்கத்து வீட்டில் போய், “எங்கத்தைக்கு நாக்குல வெச்சாலே தெரிஞ்சிரும்ங்க” என்று பெருமை பேசிவிட்டு வந்தாள். வாதம் பண்ணியிருந்தால் தாங்கியிருப்பேன். பெருமை பேசினால் என்ன செய்வது?

அதனால்தான் இன்று இதை எழுதினேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும்.

அனு, இங்க வா மக்கா. ஆச்சி எழுதுனத முதல்லேருந்து ஒரு தடவ வாசி. சத்தமா வாசி… அடுக்களை வரைக்கும் கேக்கணும்.