செல்லரித்த சொல்

கரிப்பெட்டியின் சூடு ஈரம் தெளித்த வெள்ளைத் துணியில் படும்போது ஒரு வாசம் எழும். திருக்கோகர்ணத்தில் இஸ்திரி வண்டியைக் கடக்கையில் அது இன்றும் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. ஆவூர் வீட்டில் அம்மா சித்தப்பாவின் அங்கியைத் தேய்க்கிறாள். நான் மூன்றாம் வகுப்பு.

சித்தப்பாவுக்குக் குருமடத்தில் அது கடைசி வருடம். குருப்பட்டம் வாங்கும் முன்பே வீடு அவரைச் ‘சாமி’ ஆக்கியிருந்தது. கூடப்பிறந்த அண்ணனான என் அப்பாகூட ‘வாங்க சாமி’ என்றுதான் அழைப்பார்.

ஈஸ்டருக்கு வந்தவர், கறிச்சோற்றைப் பிசைந்தபடி, எகிப்து மணலுக்குள் கிடைத்த ஒரு பழஞ்சுவடியைப் பற்றிச் சொன்னார். அதில் மகதலா மரியாளை இயேசுவின் துணை என்று எழுதியிருக்கிறதாம். அவர் அவளை எங்கே முத்தமிட்டார் என்று வரும் இடத்தில் மட்டும் ஏடு அரித்து, வெறும் ஓட்டையாம்.

“கன்னத்துலதான்!” என்றேன்.

அம்மா முந்தானைக்குள் சிரித்தாள். “சாமி படிக்கப் போனீங்களா, பொண்ணு பாக்கப் போனீங்களா?”

அப்பா சிரிக்கவில்லை. “துணைன்னா? சம்சாரமா?”

“இருக்கலாம். கூட ஊழியம் செஞ்சவளாவும் இருக்கலாம். அந்தச் சொல்லு ரெண்டுக்கும் வரும்ணே. சம்சாரம்னு அதுல இல்ல. அவரு தனியாளுன்னும் எங்கயும் எழுதிவைக்கலையே.”

“எழுதாததுல ஒனக்கு என்ன வேணும்?”

ஒனக்கு. அத்தனை வருடம் கழித்து அந்தச் சொல் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே விழுந்தது. ஒருவரும் அதை எடுக்கவில்லை.

சித்தப்பா தலை நிமிராமல் சொன்னார்: “தொணைன்னு ஒருத்தி இருந்தா ஒரு மனுசன் ஆண்டவருக்கு ஆகாதவனாயிருவானா? அதத்தான் கேக்குறேன்.”

“செல்லரிச்ச எடத்துல ஒன் ஆசைய எழுதாத.” அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

சண்டை இயேசுவைப் பற்றியது என்றே நான் நம்பினேன். கன்னம் என்று இருவரும் ஒத்துக்கொண்டால் தீர்ந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. பாத்திரங்களை மட்டும் சத்தமாகத் துலக்கினாள்.

ஒரு வாரம் தங்க வந்தவர் அன்று மாலையே கிளம்பினார். பஸ் நிறுத்தம் வரை பையைச் சுமந்தது அப்பாதான். வெயில் இறங்கியும் தார் ரோடு கொதித்தது. இருவருக்கும் நடுவில் நான் நடந்தேன்.

தூரத்தில் பஸ் தெரிந்தபோது சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்தார். “குருமடத்த விட்டுட்டு வீட்டுக்கே வந்துரட்டுமாண்ணே?”

அதற்குப் பிறகு அவர் குருப்பட்டம் வாங்கவுமில்லை, ஆவூர்ப் பக்கம் தலைகாட்டவுமில்லை. எந்த ஊரில், யாருக்குத் துணையாக இருக்கிறார், இருக்கிறாரா என்பதே எங்களுக்குத் தெரியாது.

அன்று அப்பா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். பையைக் கொடுத்தார். இரண்டு கைகளையும் கூப்பினார். மரியாதை திரும்பி வந்துவிட்டது, சண்டை தீர்ந்தது என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

“போயிட்டு வாங்க, சாமி.”